சைபர் இல்லாத ஊர்கள்

"சீல் நம்பரை எல்லாரும் பாத்துக்கிடுங்க. பொறவு எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது" என்றபடி ஒன்பதாம் மேசையின் மேற்பார்வையாளர் வாக்கு இயந்திரத்தைத் தூக்கிக் கம்பி வலைக்கு நேராகப் பிடித்தார். ஜெயபிரியா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, முன்னால் இருந்த தோள்களுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தாள். பச்சைத் தாளில் ஏதோ ஒரு எண் இருந்தது. அதைச் சரிபார்க்க அவளிடம் எதுவும் இல்லை. வாக்குப்பதிவு அன்று வாக்குச்சாவடிக்குள் உட்கார, வேட்பாளராக நின்ற அவளுடைய அப்பாவுக்கு ஆள் கிடையாது.

மேற்பார்வையாளர் பொத்தானை அமுக்கினார். சின்னக் கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் ஓடின. முதலில் அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்கு, பிறகு ஒன்றாம் வேட்பாளர், இரண்டாம் வேட்பாளர் என்று ஒவ்வொரு எண்ணும் ஒரு கீச்சொலியோடு வந்து, படிக்கிற நேரம் மட்டும் நின்று போயிற்று. முதல் நான்கு எண்களுக்கும் முன்வரிசைப் பேனாக்கள் வேகமாக ஓடின. ஏழாவதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை. ஒருவர் வடையைப் பிட்டார். ஜெயபிரியா மட்டும் பதினெட்டு வரை காத்திருந்தாள்.

பத்தொன்பது. சங்கரபாண்டி, சுயேச்சை, சோப்புப் பெட்டி சின்னம்.

கண்ணாடியில் ஒன்று என்று வந்தது.

அவள் அதை எழுதிக்கொண்டாள். முன் நாற்காலியில் இருந்த பெரிய கட்சி ஒன்றின் முகவர் இசக்கியப்பன் திரும்பிப் பார்த்தார். அறுபதை நெருங்கிய மனிதர். கரைபோட்ட துண்டும் காதோரம் நரைத்த கிருதாவுமாக, இந்த மண்டபத்தையே தான்தான் கட்டிவைத்தது போல உட்கார்ந்திருந்தார்.

"சோப்புக்கு ஒண்ணு விழுந்திருக்கே தாயி! ஒங்க வீட்டு ஓட்டா?"

"எங்க வீட்டு ஓட்டு நூத்திப் பன்னெண்டாம் பூத்து அண்ணாச்சி. அது எட்டாவது ரவுண்டுல பதினாலாம் டேபிளுக்கு வரும்."

"அது எப்பிடி இப்பவே சொல்லுத?"

"ரவுண்டு நம்பர்ல ஒண்ணைக் கழிச்சு, பதினாலால பெருக்கி, டேபிள் நம்பரைக் கூட்டணும். அப்பா சொல்லிக் குடுத்தாவ."

இசக்கியப்பன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். நான்கு தேர்தலாக இதே மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்தவர் அவர். "சரியாத்தாம்வே வருது" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

அவளுடைய அப்பா சங்கரபாண்டி முப்பத்தொரு வருடம் காவல்துறையில் இருந்தவர். கடைசிப் பன்னிரண்டு வருடம் குற்றாலம். சீசனில் மெயினருவிக்குக் கீழே விசிலை வைத்துக்கொண்டு நிற்பதுதான் அவருடைய வேலை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். ஏன் நின்றார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் தண்ணீர்.

அருவிக்கு மேலே மலையில் பெய்கிற மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. கீழே வெயில் அடிக்கும். மேலே கேரளத்துப் பக்கத்து முகட்டில் மேகம் உடைந்திருக்கும். அந்தத் தண்ணீர் அருவிக்கு வந்துசேர அரைமணி ஆகலாம், முக்கால் மணி ஆகலாம். வருவதற்கு முன்னால் அது சொல்லிவிட்டுத்தான் வரும் என்பார் சங்கரபாண்டி. முதலில் சத்தம் மாறும். சலசலப்பு அடங்கி, அடியில் ஒரு கனத்த குரல் சேரும். பிறகு காய்ந்த இலையும் சுள்ளியும் விழும். பிடித்துக் குளிக்கிற இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்தால் நடுக்கம் தெரியும். நிறம் மாறுவது கடைசியில். நிறத்தைப் பார்த்த பிறகு ஓடினால் தப்பிக்க நேரம் போதாது. சத்தத்தைக் கேட்டு நடந்தாலே போதும். பன்னிரண்டு சீசனில் அவர் சத்தத்தைக் கேட்டு விசிலடித்து வெளியேற்றியவர்கள் எத்தனை ஆயிரம் என்று அவருக்கே தெரியாது. பாதிப் பேர் திட்டிக்கொண்டே ஈரத் துணியோடு வெளியே வந்தார்கள்.

மேலே நான்கு இடத்தில் தண்ணீர் அளக்கும் கருவி வைத்து, கீழே ஒரு மணி கட்டினால் விசிலே தேவையில்லை. இதை அவர் ஒன்பது வருடம் மனுவாக எழுதினார். மலை ஒரு துறை, ஆறு ஒரு துறை, குளிக்கும் இடம் ஒரு துறை. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்கு அனுப்பிற்று. கடைசி மேசை முதல் மேசைக்கு அனுப்பிற்று. எல்லாத் துறையும் வந்து சேருகிற ஒரே இடம் டெல்லியில்தான் இருக்கிறது என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். தொகுதி தனித்தொகுதி, அவர் நிற்கத் தடை எதுவும் இல்லை. ஜெயபிரியாவின் அம்மா முப்பிடாதியம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அதுக்கு லெட்டர் போட்டா போதும்லா, நீங்களே போணுமாக்கும்?" என்று கேட்டாள்.

கேட்ட மூன்று சின்னமும் குலுக்கலில் வேறு ஆட்களுக்குப் போயின. அருவியில் சோப்புப் போடத் தடை என்பதால் பன்னிரண்டு சீசனாகச் சோப்பைப் பிடுங்கி வைத்த மனிதருக்குச் சோப்புப் பெட்டி கிடைத்தது. தெருமுனையில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஸ்கூட்டரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் ஓட்டுக் கேட்பதை மறந்துவிட்டுத் தண்ணீர் எப்படி வரும் என்று பாடம் நடத்தினார். திருவேங்கடத்துப் பக்கம் ஒரு பெரியவர், "இங்க குடிக்கவே தண்ணி இல்ல, நீரு வெள்ளத்தப் பத்திச் சொல்லுதீரே" என்று கேட்டார். "சீசனுக்கு ஒங்க ஊர்ல இருந்து வேன் வருதா இல்லையா?" என்றார் சங்கரபாண்டி. "வருதுதான்" என்றார் பெரியவர். அங்கே பாடம் ஒருமணி நேரம் நடந்தது.

ஓட்டுப் போட்ட மறுவாரம் வயிற்றுவலி என்று படுத்தார். ஜெயபிரியா தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறவள். டாக்டர் சொல்லச் சொல்ல அப்பாவின் ரிப்போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தவள், ஈரல் என்ற சொல்லுக்கு அடுத்த வரியில் விரலை நிறுத்தினாள். ஓட்டுப் போட்ட நாளுக்கும் எண்ணுகிற நாளுக்கும் நடுவே நாற்பத்தாறு நாள் இருந்தது. டாக்டர் அப்பாவுக்குச் சொன்ன நாள்கணக்கு அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கைத் தாண்டி அவர் இருந்தார்.

இன்று காலை ஐந்தரைக்கு அவள் கிளம்பும்போது கட்டிலில் இருந்து கூப்பிட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் தெளிவாகச் சொன்னார்.

"எத்தனை ஓட்டுன்னு எனக்கு வேண்டாம்ட்டி. தோக்குதது தெரிஞ்சதுதான. எத்தனை பூத்துல சைபர் இல்லன்னு மட்டும் எண்ணிட்டு வா."

"அது எதுக்குப்பா?"

"நம்ம பேரு பத்தொம்பதாவது. ஒரு பெட்டியில பதினாறு பேருதான். நம்மது ரெண்டாவது பெட்டியில மூணாவது. எவனும் கைதவறி அங்கன போயி அமுக்க மாட்டான். தேடித்தான் அமுக்கணும். தேடுதான்னா நாம சொன்னதைக் கேட்டுருக்கான்னு அர்த்தம். ஊருக்கு ஒருத்தன் கேட்டுருந்தா போதும். வேன்ல இருவது பேரு வருவான். அதுல ஒருத்தன் 'சத்தம் மாறுது, வெளிய வாங்கலே'ன்னு சொன்னா இருவது பேரும் வந்துருவான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் நா இருப்பேன். வந்து சொல்லு."

முந்நூற்று இருபத்தெட்டு சாவடிகளின் ஊர்ப்பெயரையும் பள்ளிக்கூடப் பெயரையும் கட்டம்போட்டு அவளே தட்டச்சு செய்த தாளை மடித்துக் கையில் கொடுத்தார். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் ஆறு மண்டபம். அனுப்ப அவருக்கு இருந்தது ஒரு பிள்ளைதான். அதனால் தென்காசி மண்டபம் மட்டும். தம்பி முத்துராஜ் அவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது.

"பதினாலு டேபிளையும் நா ஒருத்தி எப்பிடிப்பா பாக்க?"

"உள்ள அப்பிடியே நடந்து நடந்து பாத்துக்கிட வேண்டியதுதான்."

அங்கேதான் அவருடைய கணக்குத் தப்பியது. ஐந்து தேர்தல்களில் வாக்கு எண்ணும் இடத்துக்குக் காவல் நின்றவர் அவர். வெளிவாசலில் யார் நிற்பார்கள், நடுவாசலில் யார், இயந்திரங்களைப் பூட்டிய அறைக்கு முன்னால் எந்தப் படை, சாவி யாரிடம் என்று எல்லாம் தெரியும். ஆனால் எண்ணுகிற மண்டபத்துக்குள் அதிகாரி கூப்பிடாமல் காக்கிச்சட்டை நுழையக் கூடாது. அவரை யாரும் கூப்பிட்டதில்லை. உள்ளே என்ன நடக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கடைவீதியைப் போல நடந்து பார்க்கலாம் என்று நினைத்துவிட்டார்.

முதல் சுற்று முடிந்ததும் ஜெயபிரியா எழுந்து பத்தாம் மேசைப் பக்கம் போனாள். உதவித் தேர்தல் அலுவலர் மைக்கிலேயே சொன்னார்: "ஒன்பதாம் மேசை லேடி ஏஜென்ட், உங்க இடத்துல உக்காருங்க. மேசை மாறக் கூடாது. இன்னொரு தடவை எந்திரிச்சா வெளிய அனுப்பிருவேன்."

திரும்ப வந்து உட்கார்ந்தாள். தாளில் முதல் வரிசையின் பதினான்கு கட்டங்களில் ஒரே ஒரு கட்டம் நிரம்பியிருந்தது. சாயங்காலம் போய் இருபத்துமூன்று ஊரைப் பற்றிச் சொல்லலாம். மிச்சம் முந்நூற்றைந்து ஊரைப் பற்றி என்ன சொல்வது?

"என்னக்கா எழுதணும் ஒங்களுக்கு?" என்று பத்தாம் மேசைக்காரி முதுகுப் பக்கமிருந்து கேட்டாள். கறுப்பு முக்காடு போட்ட இளம்பெண். ஜுஹைனா என்று அட்டையில் எழுதியிருந்தது. கடையநல்லூரில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். எதிர்க்கட்சியின் முகவர். மேசைகள் சுவரை ஒட்டிக் குதிரை லாடம் போல வளைந்திருந்தன. முகவர்கள் எல்லாரும் லாடத்துக்கு உள்ளே, வலைக்கு இந்தப் பக்கம். அதனால் ஒரு மேசைக்காரரின் முதுகு இன்னொரு மேசைக்காரரின் முதுகை இடித்தது.

ஜெயபிரியா சொன்னாள். சைபரா சைபர் இல்லையா என்பது மட்டும் போதும், வீட்டில் அப்பா படுத்திருக்கிறார், இன்று தாண்டுவாரோ என்னவோ.

ஜுஹைனா சிறிதும் யோசிக்கவில்லை. "எந்திரிக்கத்தானக்கா கூடாது? வாயத் தொறக்கலாம்லா?" என்றாள். பிறகு தன் பக்கத்துப் பதினொன்றாம் மேசைக்காரரிடம், "மாமா, பத்தொம்பதாவது நம்பரைப் பாத்துச் சொல்லுங்க, இங்கிட்டுக் கடத்துங்க" என்றாள். அவர் பன்னிரண்டாம் மேசைக்காரரிடம் சொன்னார். இந்தப் பக்கம் இசக்கியப்பன் எட்டாம் மேசை நல்லதம்பியைக் கூப்பிட்டார். "ஏவே நல்லதம்பி, சோப்புக் கணக்கு எடுக்கணுமாம். ஒமக்குத்தான் வேற வேலை இல்லையே, ஒம்ம ஆளு தோத்துக்கிட்டுத்தான இருக்கான்."

"ஒம்ம ஆளு மட்டும் பறக்கானாக்கும்" என்று சொல்லிக்கொண்டே நல்லதம்பி ஏழாம் மேசைக்குத் திரும்பினார்.

இரண்டாம் சுற்றில் இரண்டு பக்கமிருந்தும் வரத் தொடங்கியது. துண்டுச் சீட்டாக, வாய்ச் சொல்லாக, விரல்காட்டலாக. முதல் சுற்றில் விட்டுப்போனதையும் அந்தந்த மேசையில் எழுதிவைத்த முடிவுத் தாளைப் பார்த்துச் சொன்னார்கள். "சோப்பு ரெண்டு!" "சோப்பு ஒண்ணு, நொரை வரல!" "இங்கன முட்டை!" "ஏ, அஞ்சுலே! அஞ்சு விழுந்திருக்கு, எந்த ஊருப்பா அது?" வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று ஜெயபிரியா தாளைப் பார்த்துச் சொன்னாள். "அஞ்சு பேரு ஒரே வீடாத்தான் இருக்கும்" என்றார் நல்லதம்பி. "இல்லவே, ஒரே வேன்" என்றார் இசக்கியப்பன். அவருக்கு அந்தத் தண்ணீர் விஷயத்தை அவள் முதல் சுற்று முடிந்த இடைவெளியில் சொல்லியிருந்தாள். கம்பியில் கைவைத்தால் அதிரும் என்பதை அவர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

நேரம் போகப் போக அவளுக்குள் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது. தேர்தல் நேரத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் தெருவில் கேட்டால் ஸ்கேன் சென்டரின் ஜன்னலைச் சாத்தியவள்தான் அவள். இப்போது ஒவ்வொரு இயந்திரத்திலும் பத்தொன்பது வரும்போது மூச்சைப் பிடித்தாள். எண்ணூறு பேர், ஆயிரம் பேர் ஓட்டுப் போட்ட பெட்டி. அதில் ஒன்று. யாரென்று தெரியாது. தெரியவும் கூடாது, சட்டமே அப்படி. ஆணா பெண்ணா, வயது என்ன, எதுவும் கிடையாது. ஒரு வெயில் நாளில் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கி, அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், முதல் பெட்டியை முழுக்கப் பார்த்து, அதைத் தாண்டி இரண்டாவது பெட்டிக்கு வந்து, மூன்றாவது பெயரின் நீலப் பொத்தானை அந்த ஆள் அமுக்கியிருக்கிறார். வெளியே வந்து யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஓர் அமுக்கல் நாற்பத்தாறு நாள் பூட்டிய அறைக்குள் இருட்டில் அப்படியே அழியாமல் இருந்து, இதோ, சிவப்பாக எரிகிறது. அடுத்த ஊரிலும் ஒன்று. அதற்கடுத்த ஊரில் இரண்டு. அவள் கைக்கு எழுதுவது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

எட்டாவது சுற்றில் பதினான்காம் மேசையிலிருந்து சீட்டு வந்தது. ஜுஹைனா பிரித்துப் பார்த்து வாயைப் பொத்தினாள். "யக்கா, முப்பத்தி நாலு!"

"வீட்டு ஆளு நாலு போவ முப்பது வெளி ஆளு" என்றார் இசக்கியப்பன். "தெருவுல மதிப்பு இருக்கு தாயி, ஒங்க அப்பாவுக்கு."

ஒன்பதாவது சுற்று முடிந்தபோது நூற்று இருபத்தாறு ஊர். சைபர் பதினேழு மட்டும்.

பத்தாவது சுற்றில் சோப்பு என்ற சொல் நின்று போயிற்று. வாசலை ஒட்டிய ஒன்றாம் மேசையிலிருந்துதான் அது தொடங்கியது. அங்கிருந்து வந்த சீட்டில் எப்போதும் ஒரு சோப்புப் பெட்டிப் படம் கிறுக்கியிருக்கும். இந்தமுறை படம் இல்லை. "அய்யாவுக்கு 2" என்று இருந்தது. இரண்டாம் மேசைச் சீட்டிலும் அய்யாவுக்கு. நல்லதம்பி சீட்டுகளைக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வந்து, இசக்கியப்பனின் காதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஜுஹைனா அந்தப் பக்கத்து எண்களை மெதுவாகப் படித்தாள். "பதினொண்ணுல ஒண்ணு. பன்னெண்டுல ஒண்ணு. பதிமூணுல மூணு."

இசக்கியப்பனின் முதுகு அசையாமல் இருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"இந்த ரவுண்டு முடியட்டும் தாயி."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாம் மேசையின் இயந்திரம் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வேட்பாளர்கள் வந்து போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வந்தது. ஒன்று. எழுதினாள். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி.

பிறகு இசக்கியப்பன் திரும்பினார். "வெளிய வேல்விழின்னு ஒரு ஏட்டம்மா நிக்காவளாம். ஒன்னைப் பாக்கணுமாம்."

வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் வேல்விழி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அருவியில் ஏழு சீசன் சங்கரபாண்டிக்குக் கீழே வேலை பார்த்தவள். கோட்டைத் தாண்டி உள்ளே வர அவளால் முடியாது. செய்தியைத்தான் உள்ளே அனுப்பியிருந்தாள். அது எண்கள் வந்த வழியிலேயே மேசை மேசையாக வந்திருக்கிறது. ஜெயபிரியாவுக்கு முன்னால் எட்டு மேசைக்குத் தெரிந்திருக்கிறது.

"பதினொண்ணு இருவதுக்கு, பிரியா. தம்பி போன் பண்ணுனான். அய்யா மணி என்னன்னு கேட்டாவளாம். அவன் பாத்துச் சொல்லுததுக்குள்ள..."

ஜெயபிரியா தலையை ஆட்டினாள். கையில் தாள் இருந்தது.

"இன்னும் பதினாலு ரவுண்டு இருக்குக்கா."

"வெளிய போனா திரும்ப விட மாட்டாவ. அதிகாரிகிட்ட கேட்டுட்டேன்" என்றாள் வேல்விழி. பிறகு சொன்னாள்: "நீ வரணும்ட்டி. அம்மை தனியா இருக்காவ."

அவள் கோட்டின் மேல் நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மாற்றுக்கு ஆள் வராமல் நிற்கிற இடத்தைவிட்டு இறங்கக் கூடாது என்பது அவள் வீட்டில் அடுப்படி வரைக்கும் செல்லுபடியான சட்டம். அப்பா காய்ச்சலோடு எட்டுமணி நேரம் நின்றுவிட்டு வந்த நாட்கள் உண்டு. மாற்று ஆள் வரவில்லை என்பார். இப்போது கேட்க அவர் இல்லை. ஆனால் எண்ணச் சொன்னது நிற்கிறது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கியப்பன் அலுவலரிடம் கையைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"தாளைக் குடு தாயி. நா மாத்து நிக்கேன்."

"அண்ணாச்சி, நீங்க வேற கட்சில்லா?"

"இதுல என்ன கட்சி. ஒண்ணுன்னா ஒண்ணு. சைபர்னா சைபர்." கையை நீட்டியபடியே இருந்தார். "எங்கன விட்டிருக்கன்னு மட்டும் காட்டு."

அவள் பதினோராவது வரிசையில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரிசையைத் தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போனார்.

மேலகரத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து காற்று இறங்கி, சாரல் வந்து வந்து போயிற்று. அப்பாவை நடுவீட்டில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. முத்துராஜ் அவருடைய கைக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஜெயபிரியா போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, பிறகு நின்றது, பிறகு வந்தது.

முப்பிடாதியம்மாள் அவள் பக்கம் சாய்ந்து காதோரம் கேட்டாள்: "எண்ணிட்டியாட்டி?"

"பாதிதாம்மா. மிச்சத்துக்கு ஒரு அண்ணாச்சிகிட்ட குடுத்திருக்கேன்."

"வருவாரா?"

"தெரியலம்மா."

அம்மா அவர் முகத்துப் பக்கம் திரும்பினாள். "காலையில இருந்து மூணு தடவை கேட்டாவ, எத்தனாவது ரவுண்டு போவும்னு. எனக்கு என்ன தெரியும், நாலுன்னேன், ஆறுன்னேன்" என்றாள்.

பெரியப்பா சொரிமுத்து ஐந்தரைக்கு எடுக்க வேண்டும் என்றார். வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, மழையும் வலுக்கும். ஜெயபிரியா வாசலைப் பார்த்தாள். ஒரு தாளுக்காக நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? நாலரைக்கு ஆண்கள் நீர்மாலைக்குப் போனார்கள். சிற்றாற்றில் குளித்து, குடத்தில் தண்ணீர் எடுத்து, மேலே வெள்ளைவேட்டியை நால்வர் விரித்துப் பிடிக்க, சங்கும் சேகண்டியுமாக ஈரத்தோடு திரும்பி வந்தார்கள். குடத்துத் தண்ணீர் மண்நிறமாக இருந்தது. முத்துராஜ் குனிந்து பார்த்துவிட்டு, "மேல மழை" என்று மட்டும் சொன்னான். அந்தத் தண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். காக்கி உடுத்தலாமா என்று யாரோ கேட்டார்கள். ஓய்வு வாங்கியவருக்குக் கூடாது என்று வேல்விழி சொன்னாள். வெள்ளைவேட்டி கட்டினார்கள்.

ஐந்தரை ஆயிற்று. தூரத்தில் தென்காசிப் பக்கம் வெடிச்சத்தம் தொடர்ச்சியாகக் கேட்டது. யாரோ ஜெயித்துவிட்டார்கள். பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள்.

அப்போது தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தது நல்லதம்பி. பின்னால் இருந்து இசக்கியப்பன் இறங்கினார். தோளில் கிடந்த கரைத்துண்டை எடுத்துச் சுருட்டி வண்டிப் பெட்டிக்குள் வைத்தார். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்க மட்டுமே அவர் வருகிற தெரு அது. தெருவே அவரைப் பார்த்தது. சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்துக்கொண்டு நேராக வந்தார்.

"ஒங்க ஆளு ஜெயிச்சாச்சா அண்ணாச்சி?" என்று பந்தலில் இருந்து ஒருவர் கேட்டார்.

"ஜெயிச்சாச்சு. வெடி போட்டுக்கிட்டு இருக்கானுவ" என்றார், திரும்பாமலே.

தாளை ஜெயபிரியாவிடம் நீட்டினார். அவள் பிரித்துப் பார்த்தாள். பத்தாவது வரிசை வரை அவளுடைய எழுத்து. அதற்குக் கீழே வேறு ஆள், வேறு மை. ஜுஹைனாவின் சாய்ந்த எழுத்து சில இடங்களில் இருந்தது. யாருடையது என்று தெரியாத உருண்டை எழுத்து சில இடங்களில். நல்லதம்பி ஒன்று என்பதற்கு அரிவாள் போல ஒரு கொக்கி போட்டிருந்தார். ஐந்தாம் மேசையின் கட்டங்களில் யாரோ சைபர் எழுத மனம் இல்லாமல் வெறும் புள்ளி வைத்திருந்தார்கள். ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை.

"முந்நூத்தி இருவத்தெட்டுல சைபர் நாப்பத்தி மூணுதான்" என்றார் இசக்கியப்பன். "மிச்சம் எரநூத்தி எம்பத்தஞ்சு ஊர்லயும் ஆள் இருக்கு."

முப்பிடாதியம்மாள் எழுந்து வந்தாள். "எங்கிட்ட சொல்லாதீங்க. அவியகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அவர் ஜெயபிரியாவைப் பார்த்தார். அவள் தாளைத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள். குனிந்த நால்வரும் நிமிர்ந்தார்கள். சங்கு ஊத வந்தவர் சங்கை இறக்கினார். பெண்கள் பக்கத்து அழுகை ஒவ்வொன்றாக அடங்கிற்று. இசக்கியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடைக்குத் தலைமாட்டில் போய் நின்று, முதல் கட்டத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"குற்றாலம் பள்ளிக்கூடம், நாலு. காசிமேஜர்புரம், ரெண்டு. இலஞ்சி கெழக்கு, ஒண்ணு. இலஞ்சி மேற்கு, ஒண்ணு."

சைபர் வந்த இடத்தில் அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

"ஆயிரப்பேரி, ஒண்ணு. மத்தளம்பாறை, மூணு."

சாரல் திரும்பவும் இறங்கியது. யாரோ ஒரு குடையைக் கொண்டுவந்து விரித்தார்கள். இசக்கியப்பனின் தலையும் தோளும் நனைந்தன. குடை தாளுக்கு மேலே இருந்தது.